பழங்கணினிக்கு உகந்த காவல்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. வன்னி வயல்களிற் பரண் அமைத்து இரவெல்லாம் காவல் புரியும் உழவர், காவலுக்கு வந்தவனே விளைவின் பெரும்பகுதியை உண்டு தீர்ப்பானாயின் அவனைப் பரணில் வைத்திரார். இல்லத்துப் பழைய கணினிக்குக் காவல் மென்பொருள் தேர்வோர் இவ்வெளிய நியாயத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். புதுப்பொறிக்கென ஆக்கப்பட்ட காவலைப் பத்தாண்டு உழைத்த பொறியில் ஏற்றிப் பின்னர் வருந்துகின்றனர். சிலரோ சினந்து காவலையே நீக்கிவிடுகின்றனர். பின்னதே பெருங்கேடு.

அப்பொறிகளுள் இருப்பவை எளியன அல்ல. 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து உடைமைகளை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, வெளிநாட்டுறவினர் அனுப்பிய நிழற்படப் பிரதிகளே முன்னோர் முகங்காண எஞ்சிய வழி. அவை ஒரேயொரு வன்தட்டிற் கிடப்பின் அத்தட்டைக் காப்பது விளையாட்டன்று.

பாரமற்ற மென்பொருள் என்பது யாது? பதிவிறக்கும் கோப்புச் சிறிதாயிருப்பதைக் கொண்டு முடிவுசெய்தல் பிழை. எஞ்சிய பகுதியைப் பின்னர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வனவும் உள. காவல் மென்பொருள், அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளங்களைத் தன்னகத்தே வைத்திருந்து, நாம் ஒரு கோப்பைத் திறக்குந்தோறும் அதனை அவற்றோடு ஒப்புநோக்குகின்றது. அடையாளங்களை வைத்தற்கு நினைவகம் வேண்டும். கோப்பைப் படித்தற்கு வன்தட்டுச் சுழலவேண்டும். 2 ஜிகாபைற் நினைவகமே உடைய பொறியில் அது நிரம்பியதும் பணிசெயல் முறைமை மிகுதியை வன்தட்டுக்கு மாற்றுகின்றது. காவலும் அதே தட்டையே நாடுகின்றது. ஒற்றை வண்டிப் பாதையில் இரு மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்த கதையாகின்றது.

இச்சுமையைக் குறைக்கும் பொருட்டு, அடையாளங்களின் ஒரு பகுதியை நிறுவனத்தின் சேவையகத்தில் வைத்து, ஐயத்துக்குரிய கோப்பைப் பற்றி இணையவழி வினவும் முறையும் உண்டு. கொழும்பில் இது நன்று. கைத்தொலைபேசித் தரவை எண்ணிச் செலவிடும் ஒட்டுசுட்டான் வீட்டிலோ, இணையம் அற்ற வேளையிற் காவலனின் கண் பாதி மூடியதாகும். ஆதலின் விளம்பரத்தை நம்பாது கைக்கடிகாரத்தை நம்புக: பொத்தானை அழுத்தியது முதல் ஓர் ஆவணம் திறக்கும் வரை செல்லும் நேரத்தை, மென்பொருளை நிறுவுமுன்னும் நிறுவிய பின்னும் குறித்து ஒப்பிடுக.

இனி, பகை வரும் வழி. 1986 இல் லாகூரைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவர் ஆக்கிய 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டு வழியே பரவிற்று. நெகிழ்வட்டு மறைந்தது, அதன் இடத்தைப் பென் டிறைவ் கொண்டது. வினாத்தாளை அச்சிடக் கடைக்குக் கொண்டுசென்ற பென் திரும்புகையில், கோப்புகள் மறைந்து அவற்றின் பெயரிற் குறுவழிகள் மட்டும் தோன்றுவதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திரா, மறைக்கப்பட்டிருக்கும். குறுவழியைச் சொடுக்குவதே நோயை வீட்டுக்கு அழைப்பது. பென்னைச் செருகியதும் முதலிற் சோதித்தல் எப்பாரமும் அற்ற காவல்.

எதனைத் தேர்வது? விண்டோஸ் 8 முதலாக வந்த முறைமைகளில் டிபெண்டர் என்னுங் காவல் உடன்பிறந்ததாகவே உளது. இலவசம்; வேறொன்றை வாங்குமாறு நாள்தோறும் நச்சரிப்பதுமில்லை. வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் துணிபு. அதன் முழுச்சோதனையைக் கணினியைப் பயன்படுத்தாத வேளைக்கு ஒதுக்கிவைத்தல் வேண்டும். இரு காவல்களை ஒருங்கே இயக்குவோர் ஒன்றை மற்றொன்று ஐயுறச் செய்து பொறியை முடக்குகின்றனர். பூட்டுடைத்த 'கிராக்' பிரதியாற் காவல் நிறுவுவதோ, திருடனிடம் திறப்பைக் கொடுத்துக் கதவைப் பூட்டச் சொல்வதாகும். இலவசக் காவலும் ஆராயத்தக்கதே: அவாஸ்ற் நிறுவனம், பயனர் இணையத்திற் சென்ற இடங்களின் விவரங்களைத் தன் துணை நிறுவனமொன்றின் வழியே விற்றமை வெளிப்பட்டதனால், 2020 இல் அத்துணை நிறுவனத்தை மூட நேர்ந்தது.

ஆயினும் முறைமையே ஆதரவிழந்ததாயின் மேலேற்றிய காவல் முழுப்பயன் தராது. 2017 மே 12 இல் 'வொன்னாகிறை' உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணங் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. அதனை இடாதவரே பெரிதும் அகப்பட்டனர். விண்டோஸ் 7 க்கான பொது ஆதரவு 2020 சனவரி 14 உடனும், விண்டோஸ் 10 க்கானது 2025 ஒக்டோபர் 14 உடனும் முடிந்தன. விண்டோஸ் 11 ஐ ஏலாப் பழம்பொறிக்கு லினக்ஸ் மின்ற், லுபுந்து போன்றவை தக்க மாற்று. பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய வினாத்தாள்கள் என்னாகும் என அஞ்சுவோர்க்கு ஒன்று: அவ்வெழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம், லிபரே ஒபிஸ் அதனை ஏற்கும்.

நிழற்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறொரு வட்டிற் பிரதி இருத்தல் இன்றியமையாதது. அவ்வட்டு எந்நேரமும் கணினியோடு இணைந்திருத்தலாகாது. கோப்புகளைப் பூட்டும் நிரல் இணைந்துள்ள வட்டையும் உடன் பூட்டிவிடும். பிரதி எடுத்ததும் கழற்றி, இயலுமாயின் உறவினர் ஒருவர் வீட்டில் வைத்தல் நன்று.