பதிப்பு எண் இல்லாத இயங்குதளம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சிறிது கால அவகாசம் அளிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், அந்நிறுவனம் ஏற்கும் பட்டியலில் இடம்பெற்ற செயலியும் கணினியில் இருக்க வேண்டும். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை. எனவே, பலருடைய பார்வை லினக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஆனால், லினக்ஸ் என்பது ஒற்றைப் பொருள் அன்று. ஒரே கருநிரலை அடிப்படையாகக் கொண்டு வெவ்வேறு குழுக்கள் உருவாக்கித் தரும் நூற்றுக்கணக்கான வழங்கல்களின் பொதுப்பெயர் அது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் திரையின் தோற்றத்தையும் வேகத்தையும் பற்றியே விசாரிக்கிறார்கள். அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. புதிய மென்பொருள் நம் கணினிக்கு எவ்வாறு வந்து சேர வேண்டும்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகவா, அன்றாடம் சிறிது சிறிதாகவா? இதற்கான பதில்தான், அடுத்துவரும் ஆண்டுகளில் அந்தக் கணினியோடு நமக்குள்ள உறவைத் தீர்மானிக்கிறது.

இரண்டு வழிகள்

முதலாவது, நிலைத்த பதிப்பு முறை. டெபியன் வழங்கல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் 12-ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வெளியாயின. ஒரு பதிப்பு வெளியானதும் அதிலுள்ள மென்பொருள்களின் எண்கள் ஏறத்தாழ உறைந்துவிடுகின்றன. டெபியன் 12 வெளியானபோது அதிலிருந்த கருநிரல் 6.1 வரிசையைச் சேர்ந்தது. அதற்குப் பின்னும் அதே வரிசையே பராமரிக்கப்பட்டு வருகிறது. பாதுகாப்புக் குறைகள் மட்டும் பழைய பதிப்பிலேயே திருத்தப்படும். புதிய வசதிகள் வேண்டுமென்றால் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 'ரோலிங் ரிலீஸ்' எனப்படும் தொடர் வெளியீட்டு முறை. ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூசே டம்பிள்வீட், ஜென்டூ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு 12, 13 என்ற பதிப்பு எண்களே கிடையாது. ஒரு மென்பொருளின் புதிய பதிப்பை அதை எழுதியவர்கள் வெளியிட்டதும், சோதனைகளுக்குப் பின் சில நாள்களிலோ வாரங்களிலோ அது பயனருக்கு வந்துவிடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் ஆர்ச் நிறுவி, இடைவிடாமல் மேம்படுத்தி வந்தவரிடமும், இன்று காலை நிறுவியவரிடமும் இருப்பது ஒரே கால மென்பொருள்தான். ஆர்ச் மாதந்தோறும் வெளியிடும் நிறுவல் கோப்பு, உள்ளே நுழைவதற்கான வாசல் மட்டுமே.

நிறுவுதல் என்னும் பாடம்

ஆர்ச் லினக்ஸை 2002-இல் தொடங்கியவர் கனடாவைச் சேர்ந்த ஜட் வினெட். எளிமை அதன் கொள்கை. ஆனால், அந்த எளிமை பயனருக்கானது அன்று, அமைப்புக்கானது. பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கினால் வரவேற்பதற்குப் படங்களோ பொத்தான்களோ இரா. கறுப்புத் திரையும் கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு வரியும் மட்டுமே இருக்கும். வன்தட்டைப் பிரிப்பது, அடிப்படைத் தொகுப்புகளை இறக்குவது, நேரமண்டலத்தையும் மொழியையும் குறிப்பது, கணினியைத் தொடக்கும் நிரலை அமைப்பது, பயனர் கணக்கை உருவாக்குவது, மேசைச் சூழலைத் தேர்ந்தெடுப்பது என ஒவ்வொன்றையும் பயனரே கட்டளையிட்டுச் செய்ய வேண்டும்.

முதன்முறை செய்பவருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகலாம். ஆனால், அந்த நேரம் வீணாவதில்லை. தன் கணினியில் எது எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிந்துகொள்கிறார். பின்னாளில் பழுது நேரும்போது அந்த அறிவே கைகொடுக்கிறது. 2021 முதல் 'ஆர்ச் இன்ஸ்டால்' என்ற வழிகாட்டும் நிரலும் நிறுவல் கோப்புடன் வருகிறது. கேள்விகளுக்குப் பதிலளித்தால் வேலையை அதுவே முடித்துவிடும். இதில் வசதி உண்டு. ஆனால், பாடம் தவறிப்போகிறது.

டம்பிள்வீட் அணுகுமுறை வேறு. வரைகலைத் திரைகள் வழியாகவே அதை நிறுவிவிடலாம். மேலும், ஒவ்வொரு வெளியீடும் பயனரை அடைவதற்கு முன் 'ஓப்பன்கியூஏ' என்ற தானியங்கிச் சோதனை முறைக்கு உட்படுத்தப்படுகிறது. அது மெய்நிகர் கணினிகளில் இயங்குதளத்தை நிறுவி, தொடக்கி, செயலிகளைத் திறந்து, திரையில் தோன்றுவது எதிர்பார்த்ததுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. தொடர் வெளியீடு என்றாலே கண்மூடித்தனமான வேகம் என்று கருதுவது தவறு என்பதற்கு இது சான்று.

எதை நிறுவினாலும், வன்தட்டில் கைவைப்பதற்கு முன் ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்வது கட்டாயம். தமிழ்ப் பயனர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. குறைந்தபட்சத் தொகுப்புகளுடன் ஆர்ச் நிறுவினால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். 'நோட்டோ' எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் அது சரியாகிவிடும். 'ஐபஸ்' உள்ளீட்டு முறையுடன் 'எம்17என்' தொகுப்பை நிறுவிக்கொண்டால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்துவிடும்.

ஒரு கட்டளை, பல பொறுப்புகள்

உண்மையில், தொடர் வெளியீட்டில் நிறுவுவது எளிய பகுதி. பராமரிப்பதே உண்மையான பணி. மேம்படுத்துவதற்கு ஆர்ச்சில் 'பேக்மேன்', டம்பிள்வீடில் 'ஸிப்பர்' என்னும் கருவிகளுக்கு இடும் ஒரே ஒரு கட்டளை போதும். உலாவி, அலுவலகச் செயலிகள், கருநிரல் என அனைத்தும் ஒருசேரப் புதுப்பிக்கப்படும். ஆனால், இந்த ஒற்றைக் கட்டளைக்குச் சில விதிகள் உண்டு.

முதல் விதி, மேம்படுத்தினால் முழுமையாக மேம்படுத்த வேண்டும். லினக்ஸில் பல செயலிகள் பொதுவான நிரலகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு செயலியை மட்டும் புதிதாக இறக்கினால், அது தனக்குத் தேவையான புதிய நிரலகத்தையும் உடன் அழைத்துவரக்கூடும். அந்த நிரலகத்தின் பழைய வடிவத்தை நம்பியிருந்த மற்ற செயலிகள் அப்போது இயங்காமல் போகலாம். பகுதி மேம்படுத்தலை ஆர்ச் ஆதரிப்பதில்லை என்று அதன் ஆவணங்கள் வெளிப்படையாகக் கூறுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது விதி, மேம்படுத்துவதற்கு முன் அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். கணினியைத் தொடக்கும் 'கிரப்' என்ற நிரலின் புதிய பதிப்பு 2022 ஆகஸ்டில் வந்தபோது, சிலருடைய கணினிகள் தொடங்கவே மறுத்தன. மேம்படுத்தியபின் கிரப்பை மீண்டும் நிறுவி, அதன் அமைவுக் கோப்பையும் புதிதாக உருவாக்குமாறு ஆர்ச் அறிவித்தது. 2025 ஜூனில் வன்பொருள்களுக்கான 'ஃபர்ம்வேர்' தொகுப்பு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோதும், பயனர்கள் தம் கையாலேயே ஒரு படியைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு நிமிடம் ஒதுக்கி அறிவிப்பைப் படித்தவர்களுக்கு இவை சிறு வேலைகளே. படிக்காதவர்களுக்கு ஒருநாள் தலைவலி.

மூன்றாவது விதி, நெடுநாள் விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு தொகுப்பும் அதை உருவாக்கியவரின் எண்ணிமக் கையொப்பத்துடன் வருகிறது. பல மாதங்கள் அணைத்துவைத்திருந்த கணினியில், அக்கையொப்பங்களைச் சரிபார்க்கும் திறவுகோல்கள் காலாவதியாகியிருக்கலாம். அப்போது புதிய தொகுப்புகளைக் கணினி ஏற்க மறுத்துவிடும். திறவுகோல் தொகுப்பை முதலில் புதுப்பித்துவிட்டு உடனே முழு மேம்படுத்தலையும் முடிப்பதே இதற்கு வழி. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போராடுவதைவிட நன்று.

நான்காவது விதி, திரும்பிவரும் பாதையை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். டம்பிள்வீட் இதைத் தானே செய்து தருகிறது. 'பிடிஆர்எஃப்எஸ்' என்ற கோப்பு முறைமையும் 'ஸ்னாப்பர்' கருவியும் சேர்ந்து, ஒவ்வொரு மேம்படுத்தலுக்கு முன்னும் பின்னும் இயங்குதளத்தின் நிலையைப் பதிவு செய்துகொள்கின்றன. மேம்படுத்தலுக்குப்பின் திரை இருண்டுவிட்டால், தொடக்கப் பட்டியலில் நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்துப் பழையபடி வேலையைத் தொடரலாம். ஆர்ச் பயனர்கள் இதைத் தாமாகவே அமைத்துக்கொள்ள வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள கருநிரல் ஒன்றையும் உடன் நிறுவி வைத்திருப்பது கூடுதல் காப்பு. ஆனால், இப்பதிவுகள் பயனரின் சொந்தக் கோப்புகளை வழக்கமாக உள்ளடக்குவதில்லை. வன்தட்டே பழுதானால் பதிவுகளும் உடன் போய்விடும். எனவே, அவை காப்புப்படிக்கு மாற்று ஆகா.

புதுமையின் விலை

இவை அனைத்தும் அசௌகரியங்கள்தாம். இவற்றைவிடக் கனமான கேள்வியை 2024 மார்ச் மாதம் எழுப்பியது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இஸட்' என்ற சிறு கருவி, ஏறத்தாழ எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் உண்டு. 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கிய ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குப் பங்களித்து நம்பிக்கையைச் சம்பாதித்து, அதன் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். பின்னர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் இரகசிய வாயில் ஒன்று செருகப்பட்டது.

புதியதை முதலில் பெறும் வழங்கல்களே இதற்கு முதலில் ஆளாயின. டம்பிள்வீடில் அப்பதிப்பு மார்ச் 7 முதல் 28 வரை இருந்தது. இணையத்துக்குத் திறந்த தொலைநுழைவு வசதியுடன் இயங்கிய கணினிகளில் இயங்குதளத்தை முற்றிலும் புதிதாக நிறுவுமாறு ஓப்பன்சூசே அறிவுறுத்தியது. ஆர்ச்சிலும் அப்பதிப்பு இருந்தது. ஆயினும், அதன் தொலைநுழைவுச் சேவை அந்த நிரலகத்துடன் நேரடியாக இணைக்கப்படாததால், அறியப்பட்ட தாக்குதல் வழி அங்கு பொருந்தவில்லை. டெபியனின் நிலைத்த பதிப்போ, புதியதை எடுத்துக்கொள்ளாத காரணத்தாலேயே தப்பியது.

எனவே, மெதுவாகச் செல்வதே பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடலாமா? அந்த இரகசிய வாயில் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். காரணத்தைத் துருவிச்சென்று, மார்ச் 29-இல் உண்மையை உலகறியச் செய்தார். அவர் அதைக் கண்டது, டெபியனின் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் 'நிலையற்ற' கிளையில். புதியதை முதலில் பயன்படுத்த ஒருவர் இருந்ததால்தான், அது நிலைத்த பதிப்புகளைச் சென்றடையாமல் தடுக்கப்பட்டது. தொடர் வெளியீட்டுப் பயனர்கள் ஒருவகையில் எல்லைக் காவலர்கள். அவர்கள் ஏற்கும் இடர், மற்றவர்களின் பாதுகாப்பாக மாறுகிறது.

பயனர்களே தொகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஆர்ச்சின் 'ஏயூஆர்' களஞ்சியம் மற்றோர் எச்சரிக்கை. 2025 ஜூலையில், உலாவிகளுக்கான திருத்தங்கள் என்ற பெயரில் மூன்று தீய தொகுப்புகள் அங்கு பதிவேற்றப்பட்டன. இரண்டு நாள்களில் அவை நீக்கப்பட்டன. ஆர்ச்சின் அதிகாரபூர்வக் களஞ்சியம் வேறு, இது வேறு. இங்கிருந்து எதை நிறுவினாலும் அதன் நிறுவல் குறிப்பைப் படித்துப் பார்ப்பது பயனரின் கடமை.

யாருக்கு எது?

வால்வ் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'ஸ்டீம் டெக்' விளையாட்டுக் கருவி ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஆனால், ஆர்ச்சின் அன்றாட மாற்றங்களை அந்நிறுவனம் நேரடியாக வாங்குவோரிடம் கொண்டுசேர்ப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு நிலையை எடுத்து, சோதித்து, முழுமையான ஒரே வடிவமாக அனுப்புகிறது. தொழில்நுட்பத்தில் ஆர்வமில்லாதவரிடம் கொடுக்கும்போது தொடர் வெளியீட்டுக்கும் பயனருக்கும் இடையே பொறுப்பேற்பவர் ஒருவர் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

நிரலாளர்கள், அண்மையில் வெளிவந்த மடிக்கணினியை வாங்கியவர்கள், கணினியின் உள்ளியக்கத்தைக் கற்க விரும்பும் மாணவர்கள் ஆகியோருக்குத் தொடர் வெளியீடு பொருத்தமானது. ஆர்ச்சின் கட்டமைப்பைக் கற்க வேண்டும் என்போர் அதையும், புதுமையோடு பாதுகாப்பு வலையும் வேண்டும் என்போர் டம்பிள்வீடையும் நாடலாம். பள்ளி ஆய்வகம், மருந்தகத்தின் கணக்குப் பதிவு, பெற்றோரின் வீட்டுக் கணினி ஆகியவற்றுக்கு டெபியன், உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்பு போன்றவையே தக்கவை. அளவிட்ட இணைய இணைப்பு உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும். டம்பிள்வீடில் ஒருமுறை மேம்படுத்துவதற்கே சில வேளைகளில் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் தேவைப்படலாம்.

விண்டோஸ் 10-ஐக் கைவிடும் ஒருவர், உற்சாகத்தில் ஆர்ச் நிறுவி, மூன்றாம் மாதம் கறுப்புத் திரையைக் கண்டு, லினக்ஸே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவது பேரிழப்பு. பிழை லினக்ஸில் இல்லை, தேர்வில் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் நமக்குக் கட்டணமின்றிக் கிடைக்கலாம். பராமரிப்பு அப்படிக் கிடைப்பதில்லை. அதை நமக்காக டெபியன் குழுவினர் செய்கிறார்கள், இல்லையேல் நாமே செய்கிறோம். வாரம் பத்து நிமிடம் தம் கணினிக்கென ஒதுக்கத் தயாராக இருப்பவர்கள் தொடர் வெளியீட்டைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு நேரமில்லாதவர்கள் நிலைத்த பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் குறைவொன்றும் இல்லை.