சென்னை பார்க்கப் போவோமா? இப்பவே திட்டம் போடுவோம்



பேட்டைப் பக்கத்துக் குழுக்களில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் பேசி முடிச்சதும் "ஒருதடவை மெட்ராஸைப் பாத்துட்டு வரணும்க்கா" என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் இருப்பதில்லை. வருஷம் பூரா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிற நமக்கு அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் திட்டம் போடாமல் கிளம்பினால் காசும் போகும், குழுவுக்குள் மனக்கசப்பும் வரும்.

முதலில் பணம். குழுவின் பொதுச் சேமிப்பில் கை வைக்கவே கூடாது. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளைகள் பீஸுக்கும் உள்ள பணம். பயணத்துக்கு வர முடியாத உறுப்பினரின் பங்கும் அதில் இருக்கிறது. உள்கடன் வாங்கிப் போவதும் வேண்டாம். ஊர் திரும்பிய பிறகும் வட்டி கூடவே வரும். வாரம் 30 ரூபாய் தனியாகப் போட்டால் 50 வாரத்தில் 1,500 ரூபாய். இதற்குத் தனி நோட்டு போடுங்கள். கடைசி நேரத்தில் வர முடியாதவருக்கு, டிக்கெட் எடுக்கும் முன் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று தீர்மானமும் எழுதிவிடுங்கள். இதை எழுதாததால்தான் பல இடத்தில் சண்டை.

திருநெல்வேலியிலிருந்து இரவு ரயிலில் போய், பகலில் பார்த்து, மறுபடி இரவு ரயிலில் திரும்பினால் ரூம் வாடகை மிச்சம். தூங்கும் வசதிப் பெட்டியில் போக வர ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாள். ஒரு படிவத்தில் 6 பேருக்குத்தான் எழுதலாம். வயதான பெண்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. அதனால் பாட்டிமாருக்கும் முழுக் கட்டணம் கணக்குப் போடுங்கள்.

எந்த நாளில் போகிறோம் என்பதும் முக்கியம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய். பூட்டிய கேட்டைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறோம்?

ஒரே நாளில் ஏழெட்டு இடம் பார்த்தால் கால்வலிதான் மிஞ்சும். இரண்டு போதும் என்பது எங்கள் கருத்து.

ஒன்று, 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம். ஸ்டேஷனிலிருந்து பக்கம்தான். திருவாலங்காட்டு நடராசர் செப்புச் சிலை அங்கே இருக்கிறது. நமக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம்ம தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899-லிருந்து சில வருஷம் தோண்டி எடுத்த பொருட்கள் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. தாழிகள், இரும்பு ஆயுதங்கள், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் அதில் அடக்கம். திருச்செந்தூர் போகும் வழியில் நாம் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர்! உள்ளே போனதும் "ஆதிச்சநல்லூர் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு, மெரினா. 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலை முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பாறையை நெம்புகிற நாலு பேரும் ஆம்பளைங்கதான், அது வேறு விஷயம். 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். ஆனால் அலையில் இறங்க வேண்டாம். அடியில் இழுக்கும் கடல் அது. குளிக்கத் தடை இருக்கிறது. ஆற்றில் நீந்துகிற பழக்கம் அங்கே உதவாது.

ஊருக்குள் சுற்ற, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. வெளியூரார் என்று தயங்க வேண்டாம், நம்ம டவுன் பஸ் மாதிரிதான். ஏசி பஸ்ஸுக்குக் காசு உண்டு.

பிள்ளைகளுக்காக வண்டலூர்தான் வேண்டும் என்கிற குழுக்கள், ரயிலை விட்டு பஸ்ஸில் போகலாம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் தென்மாவட்ட பஸ்கள் நிற்கின்றன. பூங்கா அங்கிருந்து பக்கம்.

போக விரும்பும் குழுக்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குத் தீர்மான நகலுடன் வாருங்கள். பெயர், வயது, ஆதார் எண் மூன்றையும் அட்டையில் உள்ளபடியே எழுதிக் கொண்டு வரவும்.