தலைப்பிள்ளைக்கு முன்னரே தொடங்கும் இரத்தச்சோகை

கலியாணம் முடித்துச் சில மாதங்களில் பிள்ளை முழுகாமல் இருக்கிறாள். கிணற்றடியிலிருந்து குடத்துடன் வர மூச்சு வாங்குகிறது. "மசக்கைதானே" என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அது சரியே. ஆனால் கிளினிக்கில் சோதிக்கும்போது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது இரத்தச்சோகை. அதற்கு மிகப் பொதுவான காரணம் இரும்புச்சத்துக் குறைவு.

வயிற்றுப்பிள்ளை இரத்தத்தை எடுப்பதால்தான் இது வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். முதல் மூன்று மாதங்களைப் பொறுத்தவரை அது சரியன்று. மாதவிடாய் நின்றுவிடுகிறது, கருவும் மிகச் சிறிது. ஒரு கர்ப்பகாலத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதில் பெரும்பங்கு பிந்திய மாதங்களுக்கே. ஆகவே தொடக்கத்திலேயே சோகை இருந்தால், அவள் வெறும் களஞ்சியத்துடன் வந்திருக்கிறாள் என்பதே பொருள். விதைநெல் இல்லாமல் காலபோகத்துக்கு இறங்குவது போன்றது இது.

களஞ்சியம் எப்படி வெறுமையாகிறது? பதினேழு, பதினெட்டு வயதில் தாயாகுபவளின் சொந்த உடலே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இடம்பெயர்ந்த காலங்களில் பெண்பிள்ளைகளை அவசரமாகக் கட்டிக்கொடுத்ததை நாம் அறிவோம். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. வெட்கத்தால் அதை எவரிடமும் சொல்வதில்லை.

இடப்பெயர்வு வேறொன்றையும் பறித்தது. வளவில் நின்ற முருங்கை, கோழி, கீரைப்பாத்தி எல்லாம் போய், நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியுமே சாப்பாடாயின. மீனோ இறைச்சியோ கிடைத்தாலும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்த பின் சட்டியில் மிஞ்சுவதே பெண்ணுக்கு. மாமிமார் கோபிக்க வேண்டாம், புது மருமகளின் கோப்பையையும் ஒருமுறை பாருங்கள். சோற்றுடன் தேநீர் குடிப்பது கீரை, பருப்பிலுள்ள இரும்பைச் சேரவிடாது. தேசிக்காய்ப்புளியோ கொய்யாப்பழமோ சேர்ந்தால் அது நன்றாகச் சேரும்.

மலசலகூடம் இல்லாத இடத்தில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உள்ளே போகிறது. குடலில் தங்கி நாளும் இரத்தம் குடிக்கிறது. இதற்கான மருந்தை முதல் மூன்று மாதங்களில் கொடுப்பதில்லை. கலியாணத்துக்கு முன்னரே எடுத்துவிடுவது நல்லது. ஒருகாலத்தில் மலேரியாவும் எமது தாய்மாரின் இரத்தத்தைக் கெடுத்தது. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

கிளினிக்கில் இரும்புக் குளிசை வழமையாக மூன்று மாதத்தின் பின்னரே தொடங்கும். எனவே மாதவிடாய் தள்ளிப்போனவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து இரத்தத்தைச் சோதியுங்கள். பரம்பரையாக வரும் தலசீமியாவினாலும் சோகை உண்டாகலாம். ஆகையால் கடையில் குளிசை வாங்கித் தாமாக வைத்தியம் பார்க்கக் கூடாது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைக் கல்சியக் குளிசையுடன் சேர்த்து விழுங்க வேண்டாம். குமட்டினால் இரவு படுக்கும்போது எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை.