எத்தனை சிலிண்டர் சோர்ந்திருக்கிறது?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகவும் பெயர்பெற்ற ஒன்று. அதன் 1798 சிசி எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தாலும், பிக்கப் குறைந்தாலும், முதல் பழி இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் மேல்தான் விழும். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுபவை அவை. திருகிப் பார்க்கக் கைக்கு எட்டுபவையும் அவையே. ஆனால் கார்புரேட்டரில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும். அதற்கு முன்பு, சோர்ந்திருக்கும் சிலிண்டர்கள் எத்தனை, அவை எவை என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையே பாதி நோயைச் சொல்லிவிடும்.

காரணம் எஞ்சினின் அமைப்பில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றும் பெட்ரோலும் இரண்டே வாசல் வழியாக நுழைகின்றன: ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்றும் நான்கும் மற்றொன்றை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கார்புரேட்டர். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காப்புள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓட்டம் தளரும். கெட்டதைக் கழற்றினால் எந்த மாற்றமும் இராது. ஒரே ஒரு சிலிண்டர் செத்திருந்தால் கார்புரேட்டரைச் சந்தேகிக்க நியாயமில்லை, அதே வாசலில் மூச்சு வாங்கும் அண்டை சிலிண்டர் நன்றாக ஓடுகிறதே! அந்தச் சிலிண்டருக்கு மட்டும் உரிய பிளக்கையும் வயரையும் வால்வையும் பார்க்க வேண்டும். நான்கும் தடுமாறினால், நான்குக்கும் பொதுவான காயில், பாயின்ட், கண்டென்சர், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றில் தேட வேண்டும். ஒன்றும் இரண்டும் மட்டுமோ, மூன்றும் நான்கும் மட்டுமோ சேர்ந்து சோர்ந்தால்தான் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டர் மேல் சந்தேகம் வரலாம். அப்போதும் அவசரம் கூடாது. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்துபோனாலும் இதே அறிகுறிதான். கம்ப்ரெஷன் மீட்டரை வைத்தால் உண்மை தெரிந்துவிடும்: அடுத்தடுத்த இரண்டிலும் அழுத்தம் விழுந்திருந்தால் குற்றவாளி கேஸ்கட்.

பிளக் கரிபிடித்துக் கறுத்திருக்கிறது, பெட்ரோல் வாடை வீசுகிறது, பிறகு கார்புரேட்டரைத் தவிர வேறு எதைச் சொல்வது என்று சிலர் கேட்பார்கள். இந்த அறிகுறிதான் அதிகம் ஏமாற்றுகிறது. பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் முழுதாக எரியாது. பிளக் அதே போலக் கறுக்கும், அதே வாடை வீசும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, பாயின்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். அதன் இடைவெளியோ ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர்தான். கேமில் உரசும் அதன் அடிப்பாகம் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாகும், எஞ்சின் சோம்பும். இதைக் கவனிக்காமல் கார்புரேட்டரைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்தால், பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக ஒன்றும் சேர்ந்துவிடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய கார்களில் பாயின்ட் தேயும் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும் வயர்களும் அவற்றிலும் பழையவையாகவே இருக்கலாம்.

கார்புரேட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. திராட்டில் தண்டு தேய்ந்தால் அதன் ஓரமாகக் காற்று கசியும். டாம்பர் எண்ணெய் வற்றினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் திணறும். ஆனால் கார்புரேட்டர் சரியா என்று சோதிக்கும் முறையே பொறியை நம்பியிருக்கிறது. அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தும்போது எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்தால் குறைவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. வால்வு இடைவெளியும் பொறி விழும் நேரமும் ஒழுங்காக இல்லாத எஞ்சினில் இந்தச் சோதனை தரும் பதிலை நம்ப முடியாது.