378 கிருமிகள் சொன்ன கணக்கு

காசநோய் உறுதியானவுடன் சுகாதாரப் பணியாளர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" என்பதுதான். சென்னைக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டில் அந்தக் கேள்வி அதிக தூரம் போகாது. வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூர் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று சுற்றிலும் வேலைத்தலங்கள். ஒப்பந்தத் தொழிலாளி இரவில் படுப்பது பலர் நெருக்கியடித்துத் தங்கும் அறையில். கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கோ கண்ணாடி ஏற்றிய கேபின்தான் பாதி வீடு. மின்சார ரயிலில் தினமும் தோளோடு தோள் உரசி நிற்பவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இவர்களில் யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை நோயாளியின் நினைவை மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. கிருமியின் மரபணுவைக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பது திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சென்னை சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது 1956-ல் தொடங்கப்பட்ட மையம். சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்கு எடுத்துக் காட்டிய இடம் அது. அங்கே சுஜாதா நாராயணன் குழுவினர் தென்னிந்தியக் கிராமப்புற நோயாளிகளிடமிருந்து எடுத்த 378 கிருமிகளை ஒப்பிட்டு 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த நிறுவனத்தின் நெடுநாள் களம் திருவள்ளூர் மாவட்டம். அத்திப்பட்டு இருப்பதும் அதே மாவட்டம்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் செய்கிற வேலைதான் கிருமிகளை இப்படி ஒப்பிடுவதும். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை. காசநோய்க் கிருமியின் மரபணுவில் 'ஐஎஸ் 6110' என்ற துண்டு வழக்கமாகப் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு நோயாளிகளின் கிருமிகளில் அது அதே இடங்களில் இருந்தால், தொற்று அண்மையில் பரவியது என்று கொள்ளலாம். ஒருவரின் கிருமி யாருடையதோடும் பொருந்தாவிட்டால், அது அவர் உடம்புக்குள் பல காலம் உறங்கிக் கிடந்து இப்போது விழித்திருக்கக்கூடும்.

378 பேரில் 38 சதவீதத்தினரின் கிருமிகள் இன்னொருவருடையதோடு பொருந்தின. மற்றவர்களுக்குப் பொருத்தம் இல்லை. அண்மைத் தொற்றுக்குத் தீர்வு, இருமுபவரை விரைவில் கண்டுபிடித்துச் சிகிச்சையில் சேர்ப்பது. உறங்கும் கிருமியை எழுப்புபவை பசி, சர்க்கரை நோய், புகை, குடி. ஊருக்கு எது பெரிய சிக்கல் என்று தெரியாமல் போடும் திட்டம் பாதிப் பணத்தை வீணாக்கும்.

இதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. 41 சதவீதக் கிருமிகளில் அந்தத் துண்டு ஒரே ஒரு முறைதான் இருந்தது. ஒரு பிழையை மட்டும் வைத்து ஏடுகளின் உறவைச் சொல்ல முடியாதே! வேறு நாடுகளில் நன்றாக வேலை செய்த முறை நம் ஊர்க் கிருமியிடம் திணறியது. சென்னைக் கிருமிகள் தனி ரகம் என்பதற்கு முன்பே அடையாளம் இருந்தது: அவை கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் 1960 வாக்கிலேயே கவனித்திருந்தார்கள். தென்னிந்தியாவில் மிகுதியாகப் பரவியிருப்பது 'இந்தோ-ஓசியானிக்' என்ற மிகப் பழைய வம்சம் என்பது பின்னால் தெளிவானது. திருவள்ளூர், மதுரை மாவட்டக் கிருமிகளின் முழு மரபணுவையும் படித்து 2017-ல் வெளியான ஆய்வும், இந்த வட்டாரத்துக்கேற்ற பரிசோதனை தேவை என்றே சொன்னது.

முழு மரபணுவைப் படிப்பதுதான் இன்றைய முறை. அதில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள். சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒன்றுதான் மாறும். இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே ஐந்தெழுத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அண்மைத் தொடர்பு என்று கருதலாம். பன்னிரண்டைத் தாண்டினால் நேரடித் தொடர்புக்கு வாய்ப்பு குறைவு.

அத்திப்பட்டு போன்ற ஊருக்கு இதன் மதிப்பு பெரிது. வட மாநிலங்களில் வேறொரு வம்சம் அதிகம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளிக்குக் காசநோய் என்றதும் "அவங்க கொண்டு வந்தது" என்று பேசுவது சுலபம். அவர் கிருமி உள்ளூர் நோயாளியின் கிருமியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், அவர் இங்கே வந்து, நாம் கொடுத்த காற்றில்லாத அறையில் நோயை வாங்கியிருக்கலாம் என்று கேட்கவாவது செய்வோம். அப்போதும் இந்தச் சோதனை யார்மீதும் பழிபோடும் கருவியாகிவிடக் கூடாது. எந்த அறைக்கு ஜன்னல் வேண்டும், எந்த வேலைத்தலத்துக்கு எக்ஸ்ரே வண்டி போக வேண்டும் என்று காட்டுவதே அதன் வேலை.

இந்தியா 2022-ல் தேசிய அளவில் காசநோய்க் கிருமிகளின் மரபணுவைப் படிக்கத் தொடங்கியது. இலக்கு சுமார் 32,000 கிருமிகள். அதன் முடிவு ஆய்வுத் தாளோடு நின்றுவிடாமல் மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் சுகாதாரப் பணியாளரின் கைக்கு, நோயாளி மருந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் வந்து சேர வேண்டும். சேத்துப்பட்டு இங்கிருந்து ஒரு ரயில் பயணத் தூரம்தான். அரசால் இதைச் செய்ய முடியும்; செய்ய வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். உங்களிடம் வேலை செய்பவர் இருமினால் அவரையும் கூட்டிப் போங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.