காணித் தரகில் நீங்கள் யார் பக்கம்?

கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, அல்லது வியாபாரம் மந்தமாகும்போது பக்கத் தொழிலாக, காணித் தரகில் இறங்குவோர் நம்மவர்களில் பலர். முதல் போடத் தேவையில்லை, நாலு பேரின் பழக்கம் போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் முதல் நாளே தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் விற்பவரின் ஆளா, வாங்குபவரின் ஆளா?

இங்கே பலர் இதை யோசிப்பதே இல்லை. விற்பவரிடம் "ஹாஜியார், இதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள்" என்றும், வாங்க வந்தவரிடம் "தம்பி, இன்னொருவர் அட்வான்ஸோடு நிற்கிறார்" என்றும் ஒரே வாய் சொல்கிறது. இரு பக்கமும் கொமிஷன் கிடைக்கலாம். ஆனால் இருவரும் பிறகு சந்தித்துப் பேசினால் அத்தோடு பெயர் போய்விடும்.

விற்பவர் பக்கம்

புதியவருக்கு இதுவே இலகு. கையில் காட்டுவதற்குச் சரக்கு இருக்கும். பார்க்க வருபவர்களின் அறிமுகமும் கிடைக்கும். வழமையில் தரகைக் கொடுப்பவரும் விற்பவரே. பேர்ச் 10 இலட்சம் வீதம் 10 பேர்ச் காணி ஒரு கோடிக்குப் போனால், நூற்றுக்கு மூன்று என்ற பேச்சுப்படி உங்களுக்கு 3 இலட்சம் வரும்.

இதில் ஒரு சோதனையும் உண்டு. சொந்தக்காரருக்கு 5 இலட்சம் கூடுதலாகப் பெற்றுக்கொடுக்க நீங்கள் இரண்டு மாதம் அலைந்தாலும் உங்கள் பங்கு 15,000 ரூபாதான். எனவே கிடைத்த விலைக்கு முடித்துவிட மனம் அவசரப்படும். அதே காணியைப் பத்துத் தரகர்களிடம் கொடுத்திருந்தால் அவசரம் இன்னும் கூடும். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு உங்களிடம் மட்டும் தரும்படி கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மூலதன ஆதாய வரி பற்றியும் விற்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாங்குபவர் பக்கம்

இங்கே அலைச்சல் அதிகம். பத்து இடம் காட்டிய பிறகு "வீட்டில் பிடிக்கவில்லை" என்பார்கள். பொறுப்போ இன்னும் பெரியது. காணிப் பதிவகத்தில் உறுதியின் தொடர், நில அளவை வரைபடம், ஈடு ஏதும் உண்டா என்பவற்றைச் சட்டத்தரணி மூலம் பார்க்கச் செய்ய வேண்டும். வீதி எல்லைச் சான்றிதழை உள்ளூராட்சி மன்றத்தில் பெற வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் அதைச் சாதாரண உறுதிக் காணிபோல் விற்க முடியாது. முத்திரைத் தீர்வையாக முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு 4 என்ற கணக்கில், ஒரு கோடிக் காணிக்கு 3,99,000 ரூபா வரும். இதைக் கடைசி நாளில் சொன்னால் வாங்குபவர் தடுமாறிப் போவார்.

வாங்குபவரிடம் நூற்று வீதம் பேசாதீர்கள். விலை ஏற ஏற உங்கள் கூலியும் ஏறினால் நீங்கள் யாருக்காகப் பேரம் பேசுகிறீர்கள்? ஒரு தொகையை முன்பே பேசி முடித்துக்கொள்வதே நேர்மை.

எதில் தொடங்குவது?

விற்பவர் பக்கம் தொடங்குங்கள். ஆனால் காணியைப் பொறுப்பேற்கும் முன், நீங்களே வாங்கப் போவதுபோல் பத்திரங்களைப் பாருங்கள். உறுதியில் குழப்பம் இருந்தால், எவ்வளவு தரகு கிடைத்தாலும் ஒதுங்கிவிடுங்கள். ஒரு கொடுக்கல் வாங்கலில் ஒரு பக்கம் மட்டும் நில்லுங்கள். மற்றவர் பணம் தர முன்வந்தால் அதை உங்கள் ஆளிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

காணி விற்பனை வாய்ச்சொல்லில் நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அது நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். உங்கள் தரகுப் பேச்சையும் ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பணம் உங்கள் வார்த்தையை நம்பிக் கைமாறுகிறது. அது அமானிதம்.