வைரஸுக்கு உயிர் உண்டா?

"சார், தம்பிக்குச் சளி. டாக்டர் ஆன்டிபயாடிக் தரவில்லை. ஏன்?" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். 'வைரஸ் என்பது மிகச் சிறிய பாக்டீரியா' என்று முந்தைய வாரம் கரும்பலகையில் எழுதியவன் நான்தான். அந்த வரி தவறு என்பது அப்போதுதான் உறைத்தது.

பாக்டீரியா ஒரு முழுமையான செல். செல்சவ்வும் ரைபோசோம்களும் அதற்கு உண்டு. தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். வைரஸ் செல் அன்று. டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., அதைச் சுற்றி ஒரு புரத உறை, சிலவற்றில் அதற்கு மேல் கொழுப்பு உறை, அவ்வளவே. ரைபோசோம் இல்லாததால் தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே செய்ய இயலாது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அதன் ரைபோசோம்களைக் கொண்டே பெருகுகிறது. 1935இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலை மொசைக் வைரஸை உப்பைப்போலப் படிகமாக்கினார். அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் மீண்டும் நோய் வந்தது!

பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. வைரஸுக்குச் செல்சுவரே இல்லை. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் உட்கொண்டால், உடலிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்குபவை மிஞ்சிப் பெருகவே வழியாகும்.

மறுநாள் குறிப்பேடுகளில் அந்த வரியை அடித்துத் திருத்தச் சொன்னேன். "அப்போ வைரஸுக்கு உயிர் இருக்கா சார்?" என்றாள் அவள். விடையை நான் சொல்லவில்லை. செல்லுக்கு வெளியே, செல்லுக்கு உள்ளே என இரண்டு கட்டங்கள் வரைந்து, வகுப்பையே நிரப்பச் சொன்னேன்.